பாட்டுக்கு அடியில்

சளி பிடித்த மகள் போர்வைக்குள் உட்கார்ந்து, குளிர்காலத்துக்கென்று செல்போனில் பாட்டுகளை வரிசையாகக் கோத்துக்கொண்டிருந்தாள். "இது உங்க காலத்துப் பாட்டும்மா" என்று ஒன்றைச் சத்தமாக வைத்தாள்.

மலைமேல் எங்கள் புதூர்நாட்டு வீட்டில், மார்கழி விடிகாலைகளில் அப்பா போட்ட பாட்டு அது. குளிரில் டேப் ரெக்கார்டர் இழுத்து இழுத்துப் பாடும். பேட்டரிகளை அடுப்போரம் சூடுகாட்டிப் போடுவார். அம்மா மடியில் என் தங்கை இளைப்போடு கிடப்பாள்; நெஞ்சுக்குள் பூனை கத்துவது போலிருக்கும். பனி விலகினால்தான் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் வரும். அதுவரை அந்த இளைப்பைக் கேட்க மாட்டாமல் அப்பா பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். எனக்கும் அதில் பயம் தெரியாது.

ஒருநாள் பாட்டு பாதியில் இருக்கும்போது அம்மா கத்தினாள்.

"அத்த நிறுத்துய்யா! புள்ளைக்கு மூச்சு வருதா இல்லையான்னு கேக்கணும்."

அப்பா நிறுத்தினார். அடுப்பில் விறகு வெடிப்பது மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, கீழே வளைவில் ஜீப்பின் ஹாரன் ஒலித்தது.

நான் கை நீட்டி மகளின் பாட்டை நிறுத்தினேன்.

"இன்னாம்மா, புடிக்கலையா?"

"புடிச்சிருக்குடி. கொஞ்சம் மூச்சு வுடு, கேக்கிறேன்."