கடலுக்குப் போகும் வெற்றுப் போத்தல்

சூரிச் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். மலைகளே போதும், கடல் எதற்கு என்று இருந்துவிட்ட நாடு இது. ஏரிக்கரையில் மணலைக் கொட்டி, அதைக் கடற்கரை என்று அழைத்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு முன்னால் மொண்டெனேகுரோவுக்குப் போகும் பேருந்து நிற்கிறது. அந்தச் சின்ன நாட்டில் மலையும் உண்டு, கடலும் உண்டு. பிழைப்பு மட்டும் இல்லை போலும். அந்த ஊர்க்காரர்கள் இங்கே வந்து பாத்திரம் கழுவுகிறார்கள்.

அவர்களில் ஒருவரான மிலோஷ் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர், மட்டக்களப்புப் பேரின்பம் அண்ணை, அவரோடு ஒரே ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவர். வழியனுப்ப வந்தவர் மிலோஷின் கையில் ஒரு வெற்றுப் போத்தலைத் திணிக்கிறார்.

“இது எதுக்குண்ணே?”

“கடல் தண்ணி கொண்டுவர. ஆடி அமாவாசைக்கு அப்பாவை நினைச்சுக் கடல்ல தீர்த்தமாட வேணும். இங்க எங்க கடல்? அகதி அட்டையோட ஊருக்கும் போகேலாது.”

செத்துப்போன அப்பா இனி ஐரோப்பியக் கடலுக்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

“உங்க ஊர்த் தண்ணியைக் கொண்டுவர யாரும் இல்லையா?”

“ஏன் இல்லை? ஹோட்டல் முதலாளி வருசா வருசம் எங்கட பாசிக்குடாக் கடலிலதான் குளிக்கப் போறவர். போன முறை கேட்டனான், மறந்திட்டாராம்.”

பேருந்து புறப்படுகிறது. அண்ணை போத்தலைப் பார்த்துத்தான் கையசைக்கிறார்.

“ஆனா பாசிக்குடா சரியான வடிவான கடலாம், முதலாளி சொன்னவர். நான் ஒருக்கா கட்டாயம் போய்ப் பார்க்க வேணுமாம்.”