நாலு பேருக்கு எடுத்த டிக்கெட்

அவளுக்குப் பூச்சி என்று பெயர் வைத்தவன் நெட்டை. வைத்ததில் தப்பு சொல்ல முடியாது. காலையில் ஒன்பது மணிக்கு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வெளியே வருவாள், இரண்டு கண்ணைச் சுற்றியும் மைக்ரோஸ்கோப் பதித்த வட்டத் தடத்தோடு. ஓடையில் கற்களுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வாழும் இளம்பூச்சிகளைப் பிரித்து எண்ணுவது அவள் வேலை. இரண்டு வால் உள்ளவை ஒரு தட்டில், மூன்று வால் உள்ளவை இன்னொன்றில், மணலைக் கோத்துக் கூடு கட்டி அதற்குள் ஒளிந்துகொள்பவை மூன்றாவதில். எந்த ஓடையில் எது எவ்வளவு என்று தெரிந்தால் அந்தத் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதை ஒருமுறை போனில் அம்மாவிடம் விளக்கினாள். "தண்ணி கெட்டிருந்தா பார்த்தாலே தெரியுமேடி" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளும் விளக்கவில்லை.

ஆராய்ச்சிக்கூடம் பேஸ்மென்ட்டில் இருந்தது. கூரையை ஒட்டி நீளமாக ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாக நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். இரண்டு வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேரை அவளுக்குச் செருப்பால் தெரியும். முகத்தைக் காட்டினால் யாரென்று கேட்பாள்.

முகத்தோடு தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். விடுதியில் மூன்றாவது மாடிக்கென்று ஒரு பொதுச் சமையலறை உண்டு. அதில் இரண்டு அடுப்பு, ஒன்று வேலை செய்யாது. மீதமிருந்த ஒன்றுக்காகக் காத்து நின்ற நேரத்தில் ஒட்டிக்கொண்ட சிநேகம் அது. அவளுடைய அறைத்தோழி கணிதம். வாய் திறந்தால் சூத்திரம்தான் வரும் என்பதால் அவள் பெயர் கணக்கு. வேதியியல்காரன் நெட்டை, சமையலறை வாசலில் நெற்றியை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. நான்காவது ஆள் ஆறு வருடம் எங்கோ வேலை பார்த்துவிட்டு, படிக்க வேண்டும் என்று திரும்பி வந்தவர். வயதுக்கு மரியாதை கொடுத்து மாமா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவரும் அந்த உறவுக்கு ஏற்றபடி எல்லாரையும் மிரட்டிக்கொண்டு, எல்லாருக்கும் டீ போட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தார்.

அந்தச் சமையலறைச் சுவரில், முன்பு குடியிருந்தவர்கள் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஒரு படம் இருந்தது. பாறை முனையில் வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம். ரயில் பாதை முடிகிற ஊர்; பகல் முழுக்கப் பயணம். முட்டை வேகக் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அதைப் பார்த்துக்கொண்டே, "நாலு பேரும் ஒரு தடவை இதை நேர்ல பார்த்துட்டு வந்துடணும்" என்றார். பார்த்துவிடலாம் என்று மற்ற மூவரும் சொன்னார்கள்.

முதல் வருடம் தகுதித் தேர்வு வந்து கெடுத்தது. இரண்டாம் வருடம் நெட்டைக்கு மஞ்சள் காமாலை. மூன்றாம் வருடம் தொடங்கும்போது மாமா, கிடைத்த வேலையை விடக்கூடாது என்று, தீசிஸை அங்கிருந்தே எழுதி முடிப்பதாகச் சொல்லிவிட்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு அடுப்புக்கு யாரும் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை. நெட்டை கூடத்திலேயே ரொட்டியைக் கடித்துக்கொண்டான். கணக்கு நூலகத்தில் இடம் பிடித்துவிட்டாள். பூச்சி சமைத்து, அங்கேயே நின்றபடி சாப்பிட்டு, ஒரே ஒரு தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போவாள். சில நாள் தன் ஆராய்ச்சிக் கைடிடம் "குட்மார்னிங் சார்" என்று சொன்னதுதான் அன்றைக்கு அவள் பேசிய ஒரே பேச்சாக இருக்கும்.

இனியும் தள்ளிப்போட்டால் ஆளுக்கொரு திசையில் சிதறிவிடுவார்கள் என்று பட்டது அவளுக்கு. ஒரு சனிக்கிழமை தானே ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று நாலு டிக்கெட் எடுத்தாள். நேரெதிராக இரண்டிரண்டு இருக்கை, ஜன்னல் பக்கம். லாட்ஜுக்குப் போன் செய்து இரண்டு அறையும் சொல்லி வைத்தாள். நாலு பேருக்குமான வாட்ஸாப் க்ரூப்பில் போட்டதும் மூன்று பேரும் குதித்தார்கள்.

கிளம்ப மூன்று நாள் இருக்கையில் கணக்கு, கையில் போனோடு அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அக்காவுக்கு எட்டாம் மாசமே வலி வந்துடுச்சாம். அம்மா ஒருத்தியா கிடந்து அல்லாடுறா."

"நீ மொதல்ல கிளம்பு. கடல் எங்கேயும் ஓடிடாது" என்று பூச்சியே அவள் பையை எடுத்துத் துணி அடுக்கிக் கொடுத்தாள்.

கிளம்புகிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நெட்டை பேஸ்மென்ட்டுக்கு வந்தான். குனிந்து உள்ளே வந்தவன் நிமிராமலே நின்றான்.

"பூச்சி, திட்டாத."

"திட்டல. சொல்லு."

"நாலு மாசமா கேட்டுட்டிருந்த மெஷின் நாளைக்குத்தான் கெடைக்குதாம். இதை விட்டா இனி அடுத்த வருஷம்தான். என் கைடு மூஞ்சியைப் பார்த்து எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"சரி."

"நீ திட்டிட்டாக்கூடப் பரவாயில்ல போலிருக்கே."

அவள் இடுக்கியை ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்தாள். மாமாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவர் பாதி வழியில் ஒரு ஸ்டேஷனில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. மற்ற இரண்டு பேரும் வரவில்லை என்று தெரிந்தால் அவரும் கழன்றுகொள்வாரோ என்ற பயத்தில், அவரிடம் மட்டும் வாயே திறக்கவில்லை. மற்ற இரண்டு பேரையும் கூட, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று தடுத்துவிட்டாள்.

காலை ஆறு மணி ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் பை, எதிரே ஒன்றில் கோட்டு, இன்னொன்றில் சாப்பாட்டுப் பொட்டலம் என்று மூன்று இருக்கையையும் மறித்துவைத்தாள். இரண்டாவது ஸ்டேஷனிலேயே கூட்டம் ஏறிவிட்டது.

"ஆள் இருக்காம்மா?"

"வராங்க."

மாமா ஒருவர்தான் வரப்போகிறார். மீதி இரண்டை விட்டுக்கொடுத்திருக்கலாம். விட மனசு வரவில்லை. ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மகனும் மருமகளும் தூங்கும் குழந்தையை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். மருமகள் அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். பூச்சி ஜன்னலுக்கு வெளியே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பத்தே முக்காலுக்கு அந்த நடு ஸ்டேஷன் வந்தது. நாலு நிமிடம் நிற்கும். பிளாட்பாரத்தில் மாமா வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. மீசையை எடுத்திருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம் மட்டும் இருந்தது.

"மாமா, பை எங்க?"

"இரு, சொல்றேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "காலையில மேனேஜர் கூப்பிட்டுட்டார். இன்னைக்கும் நாளைக்கும் நான் இருந்தே ஆகணுமாம். சேர்ந்து மூணு மாசம்கூட ஆகல, முடியாதுன்னு சொல்ல வாய் வரல. போன்ல சொல்லலாம்னு பார்த்தேன். அது நல்லா இருக்காதுன்னுதான் நேர்ல வந்தேன்."

"ஆபீஸ் எவ்வளவு தூரம்?"

"போக வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"இந்த நாலு நிமிஷத்துக்கா?"

"பின்ன." அவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். "எங்க மத்த ரெண்டு பேரும்?"

கோட்டும் பையும் அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தன.

"கான்டீன் பெட்டிக்குப் போயிருக்காங்க. பசிச்சுதாம்."

"எனக்குத் தெரியும், நெட்டை வயிறு அப்படி." பொட்டலத்தைக் கம்பி வழியாகத் திணித்தார். "பன் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. நாலாவதும் அவனுக்கே குடு. நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு. நல்லா சுத்திப் பார்த்துட்டு வாங்க, என்ன?"

"சரி மாமா. மீசை ஏன்?"

"இங்க யாரும் வைக்கிறதில்ல" என்றார் அவர். ரயில் நகர்ந்தது. நாலைந்து அடி கூடவே நடந்து வந்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டியதும் அவள் எழுந்து கோட்டையும் பையையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் மேலே தூக்கி வைத்தாள். "உட்காருங்க. அவங்க வரல" என்றாள். பெரியவர் ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மருமகள் மட்டும் சும்மா இருக்கவில்லை. என்ன படிக்கிறாய், எத்தனை வருடம், அம்மா அப்பா எங்கே, கல்யாணம் எப்போது என்று வரிசையாகக் கேட்டாள். தான் பூச்சிகளை எண்ணுவதைப் பற்றி அவள் சொன்னதும், "எங்க வீட்டுக்கு வா, நாள் பூரா எண்ணலாம்" என்றாள். பூச்சி சிரித்துவிட்டாள். பன்னை எல்லாரும் பிய்த்துத் தின்றார்கள். குழந்தை அவள் மடியில் எச்சில் ஒழுகத் தூங்கியது. இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஸ்டேஷனில் அந்தக் குடும்பம் இறங்கிப்போயிற்று. கடைசி ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியில் அவளைத் தவிர மூன்று பேர்தான் இருந்தார்கள், அவர்களும் எங்கெங்கோ தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

லாட்ஜ்காரம்மா நோட்டைப் பார்த்தாள். "நாலு பேர்னு எழுதியிருக்கேன்?"

"நான் மட்டும்தான் வந்திருக்கேன்."

"பின்னால வராங்களா?"

"இல்ல. யாரும் வரல."

தனியாக வந்ததை அன்றைக்கு அவள் யாரிடமும் இவ்வளவு நேராகச் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகு உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. லாட்ஜ்காரம்மா ஒரு சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, கடல் தெரிகிற அறையைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை கலங்கரை விளக்கத்தில் ஏறினாள். சுழன்று சுழன்று போகும் இரும்புப் படிகள். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். மேலே கதவைத் திறந்ததும் காற்று ஆளைத் தூக்கிவிடும் போல அடித்தது. கீழே பாறையில் அலை மோதுவது தெரிந்தது, ஆனால் சத்தம் எதுவும் கேட்கவில்லை, காதில் காற்று மட்டும்தான். பாரு பாரு என்று இழுத்துக் காட்ட அவள் கை நீண்டது. பக்கத்தில் கைப்பிடிக் கம்பிதான் இருந்தது. நிறையப் படம் எடுத்தாள். படி, கம்பி, கண்ணாடிக்குள் இருந்த பெரிய விளக்கு, கடல். தன்னை ஒரு படம் எடுக்கச் சொல்லிக் காவல்காரரிடம் கேட்கலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்காமலே இறங்கிவிட்டாள்.

கீழே, கடலில் கலக்கப் போகும் ஒரு சின்ன ஓடை. கைப்பழக்கத்தில் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினாள். மூன்று வால்காரன் ஒருவன் வெளிச்சம் பட்டதும் நெளிந்து ஓடினான். இவ்வளவு உப்புக்கு இவ்வளவு பக்கத்திலா என்று அடுத்த கல்லையும் புரட்டினாள். முட்டி நனைந்து, வெயில் ஏறி, பசி எடுத்த பிறகுதான் எழுந்தாள். அந்தப் பயணத்தில் தனியாக வந்திருப்பதை அவள் மறந்திருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

சாயங்காலம் மாமா போன் செய்தார். குரலில் மிரட்டல் இல்லை.

"நெட்டைகிட்ட இப்பத்தான் பேசினேன். பன் எப்படியிருந்துதுடான்னு கேட்டேன். எந்த பன்னுன்னு கேக்கிறான்."

அவள் எழுந்து அறை ஜன்னலைச் சாத்தினாள்.

"ஸ்டேஷன்ல ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க ரயில்ல ஏறியிருப்பீங்க."

"ஏறித்தான் இருப்பேன்."

"வேலை போயிருக்கும்."

"சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றாள். போனை வைத்த பிறகு கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவியபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

திரும்பி வந்து எல்லாப் படத்தையும் க்ரூப்பில் போட்டாள். கணக்கு ஊரிலிருந்து வந்ததும் ஒருநாள் பூச்சி சமையலறையில் வைத்து அவளுக்கும் நெட்டைக்கும் முழுக் கதையும் சொன்னாள். படி ஏறியதை நடித்துக் காட்டினாள். மருமகள் கேட்ட கேள்விகளை அதே குரலில் கேட்டாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படுத்து அழுததை மட்டும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு க்ரூப்பில் பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டும் வந்தன. மாமா தீசிஸை முடிக்கவேயில்லை. நெட்டை முதலில் பட்டம் வாங்கினான், அடுத்து கணக்கு. பூச்சியுடையது இழுத்துக்கொண்டே போயிற்று. விடுதியில் அவளுக்குத் தனி அறை கொடுத்தார்கள். பேஸ்மென்ட் ஜன்னலில் புதுப்புதுச் செருப்புகள் போய்வந்தன. லீவு விட்டால் ஏதாவது ஒரு ரயிலில் ஒற்றை டிக்கெட் எடுத்து, அது போய் நிற்கிற ஊரில் இறங்கி, ஓர் ஓடையைத் தேடிப் பிடித்துவிட்டுத் திரும்புவாள். பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். பழகியது பாதி உண்மை.

இரண்டரை வருடம் கழித்து அவளுடைய பட்டத்துக்கான வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு நெட்டையும் கணக்கும் லீவு போட்டு வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்து, வராந்தாவில் டீயோடு நின்றுகொண்டிருந்தார்கள். பூச்சியின் கைடு, எப்படிப் பழக்கம் என்று கேட்டார்.

"ஒரே அடுப்பு சார்" என்றான் நெட்டை. "நாங்க எல்லாரும் ஒருதரம் கலங்கரை விளக்கம் பார்க்கப் போனோம். மேல கதவைத் திறந்தா, காத்து ஆளைத் தூக்குது. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம், கீழ அலை அடிக்கிற சத்தமே கேக்கல."

பூச்சி அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. அவள் சொன்ன கதையும், ஆளே இல்லாத அந்தப் படங்களும் அவனுக்குள் போய் அவன் பார்த்ததாகவே ஆகிவிட்டிருந்தன.

கணக்கு நெற்றியைச் சுருக்கினாள். "நானும் வந்தேனா?"

"நீயும்தான் இருந்தே" என்றான் நெட்டை.

கணக்கு பூச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்தியே" என்றாள் பூச்சி. "படி ஏறும்போது மொதல்ல மூச்சு வாங்கினது நீதான்."

கணக்கு கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஆமா, எனக்கு எப்பவும் வாங்கும்" என்றாள்.

ஐந்து மணிக்கு இரண்டு பேருக்கும் பஸ் இருந்தது. நிறுத்தம் வரை கூட வந்து ஏற்றிவிட்டு, பூச்சி நடந்தே விடுதிக்குத் திரும்பினாள்.