கண்ணை மூடிக்கொண்டு போன கார் பயணம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தசரா சமயம். மைசூரில் ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் என் கணவரின் அண்ணன் குடும்பம். அண்ணனும் தம்பியும் சொந்த ஊரான ஹனூரிலிருந்து வேலைக்கு வந்து, சேர்ந்து கட்டிய வீடு என்பதால் வாசலும் ஒன்று, வண்டி நிறுத்தும் இடமும் ஒன்று. அந்த இடம் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கணவரின் அண்ணன் பெங்களூரில் ஒரு வெளிநாட்டு சொகுசு காரைப் பழசாக வாங்கி வந்தார். பத்து வருஷம் ஓடிய கார், அதனால் ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்குக் கிடைத்துவிட்டது. கறுப்பு நிறம், உள்ளே தோல் சீட்டு. எங்களிடம் இருந்தது ஸ்கூட்டர். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். தோசை ஊற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன், தோசை கருகிவிடும். என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு கொத்தமல்லி வாங்க அதில் போவார். ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு அவ்வளவு பெரிய கார் எதற்கு? தசரா நெருங்க நெருங்கக் கை நிறையக் கண்ணாடி வளையல் வேறு. அது அவருக்கு அழகாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். "பள்ளமே தெரியலீங்கக்கா, தண்ணி மேல போற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் கார் முன்னங்காலை மடக்கிய மாடு மாதிரி தரையோடு படுத்துக் கிடந்தது. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் காரில் காற்றுப் பை இருக்குமாம், அது கிழிந்துவிட்டதாம். ஒரு பையின் விலையில் நம் ஸ்கூட்டர் மாதிரி ஒன்று வாங்கிவிடலாம் என்றார் என் கணவர். ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் நேற்று நான் சொன்னது ஞாபகம் வந்து சுருக்கென்றது.

தற்செயல் என்று விட்டுவிட்டேன். பழுது பார்த்து வந்த பிறகு, கதவுக் கண்ணாடி சத்தமே இல்லாமல் இறங்குவதைப் பார்த்து மனசுக்குள் மெச்சினேன். அதே வாரம் அந்தக் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டது. சாமான் வெளியூரிலிருந்து வரும்வரை பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். இன்னொரு நாள் ஏறிப் போனபோது, உள்ளே ஊட்டி மாதிரி குளுகுளுவென்று இருக்கிறதே என்று நினைத்தேன், ஏசி போய்விட்டது. அதற்குமேல் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கண்தான்.

ஆயுத பூஜையன்று அக்கா பூசணிக்காயைக் காருக்குச் சுற்றினார். கேட்டுக்கு வெளியே போய் உடைக்க வேண்டியதை என் ஜன்னலுக்கு முன்னால் நின்று, "எந்தக் கொள்ளிக்கண்ணு பட்டுச்சோ" என்று உரக்கச் சொல்லி உடைத்தார். பை போனது, கண்ணாடி போனது, சரி. அடுத்து பிரேக் போனால் என்ன செய்வேன்? அதில் போவது அவர்கள் இருவரும் அல்லவா? அன்றே ஜன்னலுக்குத் திரை போட்டேன். கார் இருக்கும் பக்கமே திரும்புவதில்லை.

அடுத்த வாரம் ஹனூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எல்லாரும் காரிலேயே போய்விடலாம் என்றார் கணவரின் அண்ணன். பஸ்ஸில் வருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. ஏறி உட்கார்ந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மூடினால் போதாதே, மனசும் மெச்சக் கூடாதே. ஆகவே, "இது ஓட்டைக் கார், தகர டப்பா, யாருக்கு வேணும்" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். சீட்டு மெத்தென்று இருந்தது. அதையும் திட்டினேன்.

கொள்ளேகால் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏதோ டிங் டிங் என்று அடித்தது. கண்ணைத் திறந்தால் முன்னால் புகையாக ஆவி. வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் இருவரும் அந்தப் பக்கம் வந்த ஆட்டோவில் மெக்கானிக்கைக் கூப்பிடக் கொள்ளேகாலுக்குத் திரும்பினார்கள். நானும் அக்காவும் பட்டுச் சேலையோடு ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம்.

"ஏங் கண்ணு, வழி பூராக் கண்ண மூடிட்டே வந்தியே, தலை சுத்துதா?" என்றார் அக்கா.

அவர் அக்கறையாகக் கேட்டதும் தாங்க முடியாமல் கொட்டிவிட்டேன். "என்ற கண்ணுதானுங்கக்கா பட்டிருச்சு. பொறாமைல பாத்துப் பாத்து எல்லாம் போயிருச்சு. அதான் பாக்காமயே வந்தேன். அப்பவும் இப்பிடி ஆயிப் போச்சு."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா மெதுவாகச் சொன்னார். "கண்ணுமில்ல மண்ணுமில்ல. ரப்பரு, பிளாஸ்டிக்கு எல்லாம் வயசாயி வெடிச்சுப் போச்சாமா. இனி ஒண்ணொண்ணாப் போவும்னு மெக்கானிக்கு மொதல்லயே சொல்லிட்டான். ஏமாந்து வாங்கிட்டோம்னு நாலு பேருகிட்டச் சொல்ல முடியுமா? கண்ணு பட்டுச்சுன்னா அதுல ஒரு மருவாதி இருக்குதில்ல." கையைத் தூக்கிக் கண்ணாடி வளையல்களைக் காட்டினார். "தங்க வளையலு பேங்குல கெடக்குது. எல்லாம் இந்த வண்டிக்குத்தான்."

எனக்குப் பெரிய நிம்மதி. கூடவே, என் கண்ணுக்கு ஒரு சக்தியும் இல்லையா என்று சின்ன ஏமாற்றமும் இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது கெடக்கட்டும். நெசமாலுமே உனக்குப் பொறாமையா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கக்கா."

"ஹௌதா?" என்றார். அப்படியா என்பதை அக்கா கன்னடத்தில்தான் கேட்பார், மைசூர்ப் பழக்கம். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்தக் கார் வந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை. "எவ்ளோ?"

"தோசை கருகற அளவுக்கு."

ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். கூலிங் கிளாஸைச் சொன்னேன், கொத்தமல்லியைச் சொன்னேன், தோல் சீட்டைச் சொன்னேன். காலை நீட்டிக்கொண்டு, பிள்ளையின் மார்க்கைக் கேட்கிற மாதிரி கேட்டார். யாராவது நம்மைப் பார்த்து ஏங்கினால்தானே வாங்கியதற்கு அர்த்தம், அன்று நீ ஒரு தடவை சொன்னதோடு சரி, வேறு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார். அந்தக் காரால் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி என் வயிற்றெரிச்சல்தான்.

கடைசியில் மெக்கானிக்கும் கைவிரித்ததும், காரை டிராக்டரில் கட்டி ஹனூர்க் கல்யாண வீட்டுக்கே இழுத்துப் போனார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் நின்றுபோன அந்தக் கார் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மறுபடியும் லேசாக எரிந்தது. அக்காவின் காதில் சொன்னேன், சிரித்தார்.

இப்போது அந்தக் கார் இல்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வளையலை மீட்டார்கள். என் பொறாமை மட்டும் எங்கேயும் போகவில்லை. அக்கா புதுச் சேலை எடுத்தால் இன்றும் எரிகிறது. மாடிக்குப் போய் நேராகச் சொல்லிவிடுவேன். அவர் "ஹௌதா?" என்று கேட்டு முந்தானையை விரித்துக் காட்டுவார். ஜன்னல் வழியே அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: அன்று அந்தக் கார் நிற்காமல் ஓடியிருந்தால், அவர் பூசணிக்காய் சுற்றிக்கொண்டும் நான் கண்ணை மூடிக்கொண்டும் ஒரே வாசலில் இன்னும் இரண்டு வீடாகத்தான் இருந்திருப்போம்.