வேரில் வைத்த ஐஸ்

என் மகள் நார்வேயில் வேலை பார்க்கிறாள். வீடியோ காலில், கடலோரப் புல்வெளியில் தானாக முளைத்திருந்த ஊதா ஆர்க்கிட் பூவைக் காட்டினாள்.

"அந்தக் குளிர்ல செத்துடாதாடி?" என்றேன்.

"கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கும்மா. வருஷா வருஷம் அதே இடத்துல வரும்."

"வருஷா வருஷம் வர்றேன்னுதானே நீயும் போனே?"

அவள் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினாள்.

மறுநாளே, நான் இருக்கும் நிக்டியில் ஒரு நர்சரியில் அதே நிறத்தில் ஒரு ஆர்க்கிட் வாங்கினேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு ஆர்க்கிட் எல்லாம் ஒன்றுதான். நம் வெயிலில் வாடிவிடுமோ என்று பயந்து, தினமும் வேரைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்தேன்.

அடுத்த காலில் மகள் பார்த்துப் பதறினாள். "அய்யோம்மா, இது வெக்கையில வளர்ற செடி! ஐஸை எடு!"

"நீ வந்து எடு."

சிரித்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஐஸை நானே எடுத்தேன்.