தக்காளி மண்டியில் ஓர் இறுதிப் போட்டி

பாலக்கோடு தக்காளி மண்டியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகளின் மேல் என் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தேன். உள்ளங்கை அகலத் திரையில் ஒரு பச்சை மைதானம். அதில் இந்திய அணியின் நீலச் சட்டை போட்டு ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி என் தங்கை. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தெற்காசியக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் அது. அண்டை நாடொன்றில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. மண்டியில் நன்றாகக் கிடைக்கும். அதோடு, தக்காளி தரம் பிரிக்கும் வேலையில் இருந்த அம்மா அன்றைக்கு லீவு போட மறுத்துவிட்டாள். "சும்மா உக்காந்து பாக்க முடியாது. வேல செஞ்சுகிட்டே கேட்டுக்கறேன்" என்றாள்.

தருமபுரி ஜவுளிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான்தான் லீவு போட்டு வந்திருந்தேன். அம்மாவுக்கு மட்டும் காட்டலாம் என்று நினைத்தால், கொஞ்ச நேரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள், விற்ற பணத்துக்குக் காத்திருந்த விவசாயிகள் என்று பெருங்கூட்டம் கூடிவிட்டது. முன்னால் நின்ற நாலைந்து பேருக்குத்தான் திரை தெரிந்தது. பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அப்போதுதான் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

அம்மாவின் அண்ணன் அவர். அந்த மண்டியில் ஏலம் கூறுகிறவர். மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார். ஒலிபெருக்கி இல்லாமலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் கேட்கும். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதிதான். கோல்கீப்பரைத் தவிர யாரும் கையால் பந்தைத் தொடக்கூடாது. தங்கை விமானம் ஏறுவதற்கு முன் அதை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"எல்லாரும் அங்கயே நில்லுங்க, நான் சொல்றேன்" என்று மாமா திரையருகில் குனிந்தார். பிறகு ஆரம்பித்தார். "நீலச்சட்ட கொண்டு போவுது, கொண்டு போவுது, செவப்புச்சட்ட குறுக்க வருது, தாண்டிட்டா, தாண்டிட்டா, நம்ம ஆளுகிட்ட குடுத்துட்டா!" ஏலத்தின் அதே ராகம், அதே வேகம். முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் எங்கள் அணிப் பெண் ஒருத்தி தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் அனுப்பியபோது, மாமா "ஒண்ணு!" என்று கத்திய கத்தலில் லாரிமேல் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். விசில், கைதட்டல். அம்மா நிமிரவேயில்லை. "போட்டது நம்ம புள்ளயாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லம்மா, நம்ம புள்ள பின்னால காவலுக்கு நிக்குது" என்றார் மாமா.

இரண்டாம் பாதி முழுக்கச் சிவப்புச் சட்டைகளின் பக்கமே ஆட்டம் சாய்ந்தது. தங்கை ஓடி ஓடிப் பந்தை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் மாமா அவள் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அம்மாவின் கை தக்காளிமேல் ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. எங்கள் கோலுக்கு முன்னால் உயரமாக வந்த பந்துக்கு இரண்டு பேர் எம்பினார்கள். மாமாவின் குரல் சட்டென்று இறங்கியது.

"கை பட்டுருச்சு."

"யாரு கை?"

"நம்ம புள்ள கைதான்."

நடுவர் விசில் ஊதியதே அதற்குப் பிறகுதான். கூட்டத்தில் ஒருவர் கோபப்பட்டார். "யோவ், நம்ம புள்ளயவே காட்டிக் குடுக்கறயே!" மாமா திரும்பக்கூட இல்லை. "பட்டுச்சுன்னா பட்டுச்சுதான்" என்றார். ஏலத்தில் யாரும் கேட்காத விலையை அவர் ஒருநாளும் கூறியதில்லை.

நடுவர் பெனால்டி கொடுத்தார். அது என்ன என்று நான் கூட்டத்துக்கு விளக்கினேன். கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்பாள். வேறு யாரும் தடுக்க முடியாது. திரையில் என் தங்கை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிவப்புச் சட்டைப் பெண் பந்தை வைத்தாள், பின்னால் நடந்தாள், ஓடி வந்தாள். படம் அப்படியே உறைந்துவிட்டது. திரை நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அந்த மண்டியில் மாமா வாயடைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அம்மா வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். "அண்ணா, என்னாச்சு? எதா இருந்தாலும் சொல்லுண்ணா." மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் மறுபடி அசைந்தபோது நீலச் சட்டைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தன. மஞ்சள் சட்டை போட்ட கோல்கீப்பர் பந்தை வயிற்றோடு அணைத்துத் தரையில் சுருண்டு கிடந்தாள். அவள்மேல் முதலில் போய் விழுந்தவள் என் தங்கை.

"புடிச்சுட்டா! மஞ்சச்சட்ட புடிச்சுட்டாடா சாமி!"

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. யாரோ தக்காளியை மேலே வீசினார்கள். ஜெயித்துவிட்டோம் என்பதே இறுதி விசிலுக்கு வெகுநேரம் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது. அம்மா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள். "அந்த மஞ்சச்சட்டப் புள்ள எந்த ஊரு?" மணிப்பூர் என்றேன். ரொம்ப தூரம் என்றும் சொன்னேன். "அவங்கம்மாவும் இப்பப் பாத்துகிட்டு இருப்பாங்களா?" என்றாள்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். பதக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா, நான் கை வெச்சுட்டேம்மா" என்று அழுதாள். அம்மா சிரித்துவிட்டாள். "தெரியும் போ. உங்க மாமா ஊருக்கே சொல்லிட்டாரு."

தங்கை இப்போது பெரியவர்களுக்கான அணியில் ஆடுகிறாள். ஓசூரில் என் வீட்டுப் பெரிய டிவியில் அவள் ஆட்டங்களைப் பார்க்கிறோம். படம் உறைவதில்லை, வட்டம் சுற்றுவதில்லை. வர்ணனை செய்பவர்களுக்கு எல்லா விதியும் தெரிந்திருக்கிறது. நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டு நான் ஒருமுறைகூட நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

அந்த இறுதிப் போட்டி முடிந்து ஊர் திரும்பிய தங்கையைப் பஸ் ஸ்டாண்டில் மாலையோடு எதிர்கொண்டவர் மாமாதான். மாலையைப் போடுவதற்கு முன் அவளைத் தனியாக நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அன்னைக்கு அந்தக் கை... தெரிஞ்சு வெச்சயா, தெரியாம பட்டுச்சா?" என்று கேட்டார். "சத்தியமா தெரியாமதான் மாமா" என்றாள் அவள். மாமா தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் காலை மண்டியில், முதல் பெட்டிக்கு விலை கூறுவதற்கு முன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் கேட்கும்படி அவர் சொன்னாராம்: "எல்லாரும் கேட்டுக்கங்க! நம்ம புள்ள கை தெரியாமதான் பட்டுச்சு!"