மாப்பிள்ளையும் நடந்து காட்டட்டும்

நான் உடற்கல்விப் பட்டப் படிப்பில் சேர்ந்தபோது, செந்துறைப் பக்கம் இருந்த எங்கள் ஊரில் எழுந்த ஒரே கேள்வி, "விசில் ஊத மூணு வருஷம் படிக்கணுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. எங்கள் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஊதிய ஊதலுக்கு மூன்று நிமிஷம் படித்திருந்தாலே அதிகம்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதுவும் ஓடி ஓடி மிதித்தது. ஓட்டப் பந்தயங்களில் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர்களையும் டிபன் பாக்ஸ்களையும் அம்மா பரணில் ஏற்றி வைத்திருந்தாள். என் சீர்வரிசைக்கு ஆகுமாம். இன்னும் நாலு பந்தயம் ஓடினால் குடமும் வந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கக்கூடும்.

இரண்டாம் வருஷம் கினிசியாலஜி என்று ஒரு பாடம் வந்தது. மனித உடம்பின் அசைவை எந்திரம் போலக் கழற்றிப் பார்க்கிற பாடம். எலும்புதான் நெம்புகோல், மூட்டு அதன் தாங்கு புள்ளி, தசை இழுக்கிற கயிறு. அதுவரை கால் என்றால் ஓடுவதற்கு என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் எத்தனை வேலை பார்க்கின்றன என்று தெரிந்தபோது கிறுக்குப் பிடித்தாற்போல் ஆயிற்று. அந்தப் பாடத்தை நான் காதலித்தேன் என்றே சொல்லலாம். எங்கள் ஊரில் ஒரு பெண் காதலித்து யாருக்கும் அடி விழாத ஒரே சம்பவம் அதுதான்.

கோடை விடுமுறைக்கு எங்கள் ஆசிரியர் ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். முப்பது பேர் நடப்பதைப் பார்த்து, குதிகால் எப்படி ஊன்றுகிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, கை எப்படி வீசுகிறது என்று எழுதி வர வேண்டும். "நாம பாக்குறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒருத்தனும் ஒழுங்கா நடக்க மாட்டான்" என்றும் சொன்னார். அவர் ஆண். தெரியாமல் பார்ப்பது அவருக்கு எளிது.

நான் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முப்பது பேர் என்ன, முந்நூறு பேர் அங்கே நடப்பார்கள். ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியபோதுதான் ஆராய்ச்சியின் சங்கடம் புரிந்தது. பெண்களின் கால் புடவைக்குள் இருக்கிறது. இளவட்டங்கள் போட்டிருந்த பெல்பாட்டத்துக்குள் முழங்கால் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த, துபாய் செண்ட் மணக்கிற ஒருவர் போட்டிருந்த உயர்ந்த ஷூவில் குதிகாலுக்கும் தரைக்கும் தொடர்பே கிடையாது. கடைசியில் விஞ்ஞானத்துக்கு உதவியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள்தான். முழங்கால் பளிச்சென்று தெரிந்தது. நானும் ஊன்றிப் பார்த்தேன்.

சரக்கு எடுக்க அரியலூர் வந்திருந்த எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் என்னை ஊன்றிப் பார்த்தார். நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

"உங்க பொண்ணு பஸ் ஸ்டாண்டுல குந்திக்கிட்டு, போற வர்ற ஆம்பளைங்க தொடையையே பாத்துக்கிட்டு இருக்குதுங்க. பாத்து எழுதி வேற வச்சிக்குது."

இந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. தொடை இல்லை, முழங்கால் என்று வேண்டுமானால் திருத்தியிருக்கலாம். திருத்திப் பார்த்தேன். அம்மா துடைப்பத்தை எடுத்தாள்.

இரண்டே நாளில் அப்பா முடிவு சொன்னார். படித்தது போதும். ஆவணியில் கல்யாணம். இன்னும் ஒரே ஒரு வருஷம், அப்பா, என்று நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன், கேலி பேசும் வாயெல்லாம் அன்றைக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "ஒரு வருஷத்துல ஊர் என்னென்ன பேசும்னு உனக்குத் தெரியாது" என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தரகரைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரம்பலூர் மாப்பிள்ளை கிடைத்தார். ஏதோ ஆபீஸில் கிளார்க். வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளையின் அத்தை சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம் என்று தரகர் எச்சரித்திருந்தார். அம்மாவுக்கு ஒரே கவலை, என் நடை.

"என்னாடி, சண்டைக்குப் போறவ மாதிரி நடக்குற? பொம்பள நடந்தா பூமி அதிரக் கூடாது."

அந்த வாரம் முழுக்க எனக்கு நடைப் பயிற்சி. அடியைக் குறுக்க வேண்டும். குதிகால் தரையில் படக் கூடாது. கை வீசக் கூடாது. முழங்கால் மடங்குவது வெளியே தெரியக் கூடாது. பார்வை தரையில் இருக்க வேண்டும். எங்கள் பாடத்திலும் இந்த நடை உண்டு. மூட்டு இறுகிப்போன நோயாளிகள் நடப்பது பற்றிய பகுதியில். அதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆயிடுச்சுல்ல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலிகள் இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். நான் சமையலறையில் அடைபட்டிருந்ததால் அவர்கள் வந்ததைப் பார்க்கவில்லை. காப்பித் தட்டோடு நான் வந்தபோது மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். கேசரியை முடித்துவிட்டு என்னைத் தொடங்கினாள்.

"அந்த வாசப்படி வரைக்கும் போயிட்டு வாம்மா."

போய்விட்டு வந்தேன். பூமி அதிரவில்லை.

"திரும்பிக்கிட்டு நட."

நடந்தேன். பிறகு பாதத்தைக் காட்டச் சொன்னாள். கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கிறதாம், இது புருஷனை அடக்கி ஆளும் காலாம். விரல் நீளத்தை வைத்து உடம்பின் பாரம் பாதத்தில் எங்கே இறங்கும் என்று நானும் படித்திருக்கிறேன். அந்தப் பாரம் புருஷன் தலையில் இறங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

"எதுக்கும் இன்னொரு தடவ நடந்து காட்டும்மா. எடது கால் கொஞ்சம் இழுக்குற மாதிரி தெரியுது."

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாவட்டத்தில் ஓடி ஜெயித்த கால் அது. அம்மா சொல்லிக்கொடுத்தபடி நோயாளி மாதிரி நடந்தால் நோயாளி என்றுதானே சொல்வார்கள். அன்ன நடை நடக்கப் போய் தன் நடையும் கெட்ட கதை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கூடவே, நான் தட்டோடு வந்ததிலிருந்து மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழவே இல்லை என்பதும் உறைத்தது. இந்தச் சந்தையில் மாடு மட்டும்தான் நடக்க வேண்டும், வாங்க வந்தவன் நடக்க வேண்டியதில்லை.

"அவங்களையும் ஒரு தடவ நடந்து காட்டச் சொல்லுங்களேன்" என்றேன்.

அப்பா பஜ்ஜியை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். அத்தைக்கு நான் சொன்னது காதில் விழுந்தும் புரியவில்லை. "யாரு நடக்கணும்?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளைங்க. வாசப்படி வரைக்கும் போயிட்டு வந்தாப் போதும்."

அத்தை அவர் கையைப் பிடித்து அமுக்குவதற்குள் அந்த மனுஷன் எழுந்துவிட்டார். நொண்டுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அப்படி எதுவும் இல்லை. நல்ல கால்கள், நல்ல இடுப்பு. ஆனால் பத்துப் பதினைந்து கண்கள் தன் காலையே பார்க்கின்றன என்று தெரிந்ததும் அவருக்கு நடப்பது மறந்துபோய்விட்டது. வலது காலோடு வலது கையும் போயிற்று. இடது காலோடு இடது கையும் போயிற்று. அதைச் சரிசெய்ய நினைத்துக் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டார். முழங்கால் விறைத்துக்கொண்டது. வாசற்படியில் கட்டை விரலை நச்சென்று இடித்துக்கொண்டு, வலிக்காத மாதிரி சிரித்தார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் ஆசிரியர் சொன்னது அப்படியே கண்முன்னால் நடக்கும்போது வேறு என்ன செய்ய? பொம்பளை சிரித்தால் போச்சு என்பார்கள். போயிற்று. சம்பந்தம் போயிற்று. அத்தை எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. அவள் வாசலைத் தாண்டிய நடையில் பூமி நன்றாகவே அதிர்ந்தது, ஆனால் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே. மாப்பிள்ளை மட்டும் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து, தன் விரலைப் பார்த்து, மறுபடியும் சிரித்தார். பாவமாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, இன்றைக்கும் இல்லை.

மாப்பிள்ளையை நடக்கவிட்டுப் பார்த்த பெண் என்ற பேர் செந்துறையிலிருந்து பெரம்பலூர் வரை எல்லா பஸ்ஸிலும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தது. தரகர் எங்கள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். விசாரித்துக்கொண்டிருந்த இன்னொரு வரனும் சத்தமில்லாமல் பின்வாங்கியது. அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுவாள். நான் மூலையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, படிப்புக்கு இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் கெடுத்துக்கொண்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போய் வந்தார்.

ஜூன் பிறந்து ஒரு சாயங்காலம், காலில் காய்ந்த சிமெண்ட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"காலேஜு என்னிக்குத் தொறக்குறாங்க?"

"தொறந்தா நமக்கென்னா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"இவளைப் பாக்க இனிமே யாரு வரப் போறா? சும்மா வூட்டுல குந்தியிருந்தா ஊர் இன்னும் பேசும். அங்கன போயாவது ஓடட்டும்."

நான் படிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு வேறு போக்கில்லை என்றுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது, எத்தனையோ நாளுக்குப் பிறகு, என் முகத்தைப் பார்த்தார்.

"திங்கக்கிழமைங்கப்பா" என்றேன்.

திறப்பது வியாழக்கிழமை. அதற்குள் அவர் மனம் மாறிவிட்டால் நான் எங்கே போவேன்? திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே டிரங்குப் பெட்டியோடு கிளம்பிப் போனேன். விடுதிக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஒரு பூட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.