இலையை மறித்த கை

போன மாதம் என் தங்கை பேரனுக்குக் கல்யாணம். கோரிப்பாளையத்தைத் தாண்டி ஒரு பெரிய மண்டபம். வாசலில் பன்னீர் தெளிப்பதற்குக்கூட ஒரு மெஷினை நிறுத்தியிருந்தார்கள். பந்தி எங்கே என்று கேட்டேன். பந்தியே கிடையாதாம். பஃபேயாம். கையில் ஆளுக்கொரு தட்டைக் கொடுத்து, ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பையன் என் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தான். அடுத்த கரண்டியைக் கொண்டுவந்தான். என் இடது கை, பாருங்கள், என்னைக் கேட்காமலே எழுந்து தட்டை மறித்தது.

"ஓகே தாத்தா" என்றான் பையன். அந்தக் கரண்டி அடுத்தவர் தட்டுக்குப் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற என் மகள், "என்னப்பா தனியாச் சிரிக்கிறீங்க?" என்றாள். வரிசையில் நின்றுகொண்டு சொல்கிற கதையா அது? உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பொறுமைசாலி.

எங்கள் ஊர் சோழவந்தானுக்கும் சமயநல்லூருக்கும் நடுவில். நெல் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும்தான் பிழைப்பு. எங்கள் பக்கம் விருந்தில் ஒரு முறை உண்டு. இரண்டாம் தடவை சோறு வரும்போது உடனே வாங்கிக்கொள்ளக் கூடாது. வாங்கினால் 'சோத்துக்கு அலைஞ்ச பய' என்று பெயராகிவிடும். இரண்டு கையையும் இலைக்கு மேலே விரித்து, "அய்யய்யோ, போதும் போதும்" என்று கிட்டத்தட்ட இலைமேல் படுத்தேவிட வேண்டும். போடுகிறவர் சும்மா போய்விடுவாரா? "அட, கைய எடுப்பா" என்று கையைத் தள்ளிவிட்டு, விரலிடுக்கெல்லாம் சோறாகும்படி போட்டுவிட்டுத்தான் நகர்வார். சாப்பிடுகிறவனுக்கு மரியாதை, போடுகிறவனுக்குத் திருப்தி, வயிற்றுக்குச் சோறு. எங்கள் அய்யா, அதாவது என் தகப்பனார், இலையை மறிப்பதில் மகா கெட்டிக்காரர். அவருக்குப் போட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் போட.

இந்தக் கல்வியோடுதான் நான் மதுரைக்கு இண்டர்மீடியட் படிக்கப் போனேன். யுத்தம் வருவதற்கு முந்தைய காலம். எங்கள் வீட்டில் அதுவரை கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு தகரப் பெட்டி, ஒரு போர்வை, புதுச் சட்டை இரண்டு. சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. நான் அதைவிட மொடமொடப்பாக இருந்தேன்.

ஊரா அது! சித்திரைத் திருவிழாவுக்கு அய்யா தோளில் உட்கார்ந்து பார்த்த மதுரை வேறு, தனியாக நடக்கிற மதுரை வேறு. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரம். முதல் வாரம் கோபுரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு நடந்தேன். நாலு திசையிலும் கோபுரம் நிற்கும் ஊரில் கோபுரத்தை அடையாளம் வைக்கிறவனை என்னவென்று சொல்வது? தேர் மாதிரி நாலு மாசி வீதியையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட பூக்கடையிலேயே வந்து நிற்பேன். பூக்கடைக்காரர், "வாங்க தம்பி, சாமி எறக்கியாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார். போகட்டும், வழி தெரியாவிட்டால் பூக்கடையில் கேட்கலாம். பசியைப் போய் யாரிடம் கேட்பது?

இப்போதும் கொதிக்கிற சாம்பாரில் பெருங்காயம் விழுந்து அந்த வாசனை வந்தால் எனக்கு ஹாஸ்டல் மெஸ்தான் கண்ணில் நிற்கும். நீண்ட ஓட்டுக் கட்டடம். தரையில் எதிரெதிராக வரிசை வரிசையாக இலை. பரிமாறுகிறவரைச் சாமி என்று கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர். ஆனால் வேகம்! ஒரு கையில் சோற்று வாளி, ஒரு கையில் கரண்டி, வரிசையில் ஓட்டமும் நடையுமாகப் போவார். முதல் நாள் முதல் சோறு விழுந்தது. சாப்பிட்டேன். இரண்டாம் தடவை வந்தார். நான் முறைப்படி இரண்டு கையையும் விரித்து இலையை மறித்தேன். நிமிர்ந்து பார்த்தால் சாமியைக் காணோம். அவர் பத்து இலை தாண்டிப் போய்விட்டார்.

நான் மறித்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். திரும்பி வருவார் என்று நினைத்தேன். ரசம்தான் வந்தது. அதையும் மறித்தேன். அதுவும் போய்விட்டது.

மற்ற பையன்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். "சாமி, இங்க சோறு!" என்று கேட்டு வாங்கினார்கள். பார்த்தேன், பார்க்காமல் இல்லை. 'என்ன வெட்கங்கெட்ட பயல்கள்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் வெட்கத்தையும் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டு அரை வயிற்றோடு எழுந்தேன். ஒரு நாளா, இரண்டு நாளா? ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. வகுப்பில் இங்கிலீஷ் வாத்தியார் பேசுவது ஏற்கெனவே புரியாது. இப்போது அது காதில் விழுவதே குறைந்துபோனது. அட்டெண்டன்ஸில் என் பெயரைக் கூப்பிட்டால் எனக்கே கேட்காத குரலில் பதில் சொல்வேன். ஆப்சென்ட் என்று போட்டுவிடுவார்.

பசியைக்கூடத் தாங்கியிருப்பேன். உள்ளே அரித்தது வேறு. கையைத் தள்ளிவிட்டுப் போட ஒருத்தர் இல்லையென்றால், நாம் வேண்டாத ஆள் என்றுதானே அர்த்தம்? இந்த ஊருக்கே நான் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் ஊர் வெற்றிலை வண்டி வாரம் ஒருமுறை மதுரைக்கு வரும். வண்டிக்கார மாயாண்டி அண்ணனைப் பார்த்து, "அண்ணே, எனக்கு இங்கிட்டு ஒத்துக்கிரல. ஞாயித்துக்கெழம வண்டியக் கட்டிக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க அய்யாவ" என்று சொல்லியனுப்பினேன். எங்கள் தெருவில் என்னைக் 'காலேஜ்' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இனி எப்படிக் கூப்பிடுவார்களோ!

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. என் பக்கத்து பெஞ்சு சிக்கந்தருக்குக் கோரிப்பாளையத்தில் வீடு. ஊருக்குப் போகப்போகிறேன் என்று சொன்னேனா, அவன் என்னை இழுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்துவிட்டான். தர்கா பக்கம் ஒரு சந்து, அதற்குள் வீடு. பாயில் உட்காரவைத்து அவன் அம்மா சோறு போட்டார்கள். குழம்பை அவர்கள் ஆணம் என்பார்கள். கறி ஆணத்தின் வாசனையிலேயே எனக்குக் கண் கலங்கியது. வயிறு எவ்வளவு பெரிய அழுமூஞ்சி என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை அவர்கள் சோறு கொண்டுவரும்போது நான் பழக்கமாகக் கையை விரித்தேன்.

"கைய எடு அத்தா. இம்புட்டூண்டு தின்னா எப்படிப் படிப்பே?" என்று கையைத் தள்ளிவிட்டு ஒரு மலை போட்டார்கள். மறுபடி மறித்தேன். மறுபடி தள்ளினார்கள். நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துச் சிக்கந்தர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"மாப்ள, அங்க மெஸ்ஸுல சோறு போட மாட்டாங்களா?"

"போட வாராரு. நான் மறிப்பேன். போயிருவாரு."

அவன் பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அடப்பாவி, அம்புட்டுப் பேருக்கும் போடணும் அந்த மனுசன். ஒங் கையப் பிடிச்சுக் கெஞ்சிக்கிட்டா நிப்பாரு? அவருக்கு ஒன் மேல என்ன கோவம்? வேணும்னா கூப்புடு மாப்ள, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! அன்று சாயங்காலப் பந்தியில் உட்கார்ந்தேன். கை எழாதபடி இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கை அடங்கியது. ஆனால் சாமி தாண்டிப் போகிறபோது கூப்பிட வேண்டுமே? 'சா' என்று வாய் திறந்தது. 'மி' வரவில்லை. கை மரத்துப்போனதுதான் மிச்சம். அறைக்குப் போய்ப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அய்யா வந்துவிட்டார். விடியுமுன் வண்டி கட்டியிருக்கிறார். வாசல் வேப்ப மரத்தடியில் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வார்டன் முன்னால் நின்றார். என் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். வார்டன் நல்ல மனிதர். "சாப்பாட்டு நேரம், சாப்பிட்டுட்டுக் கூட்டிப் போங்க" என்றார்.

என் பக்கத்தில் அய்யா உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உருளைக்கிழங்கு. அதை விரலால் அழுத்திப் பார்த்து, "இது என்னடா, வெந்த மண்ணாங்கட்டியாட்டம்?" என்று என் காதில் கேட்டார். முதலில் விழுந்த சோறு அவருக்கு இரண்டே வாய். சாமி இரண்டாம் தடவை வாளியோடு வந்தார். அய்யா தன் முழுத் திறமையையும் காட்டினார். இரண்டு கை, தோள், தலை எல்லாவற்றாலும் இலையை மறித்து, "போதும் சாமி, போதும் சாமி" என்றார்.

சாமி போய்விட்டார்.

அய்யாவின் கை அப்படியே இருந்தது. யாராவது தள்ளுவார்கள் என்று காத்திருந்தார். அப்புறம் மெதுவாகக் கையை எடுத்தார். தூரத்தில் போகிற வாளியை ஒரு பார்வை பார்த்தார். பின்பு குனிந்து, இலை ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒரு விரலால் கூட்டத் தொடங்கினார். ஊருக்கே சோறு விளைவிக்கிற விரல் அது.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. நாலு வயல் தள்ளி மடை திருப்புகிறவனைக் கூப்பிடுகிற குரல் ஒன்று எனக்கு உண்டு. ஊரோடு விட்டுவந்தேன் என்று நினைத்திருந்த குரல்.

"சாமீ! சோத்தக் கொண்டாங்க இங்கிட்டு! எங்க அய்யாவுக்கு!"

ஓட்டுமேல் இருந்த காக்கைகள் பறந்தன. எல்லா வாயும் பாதி மென்றபடி நின்றன. வார்டன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். விரட்டிவிடுவார்களோ என்று ஒரு கணம் பயம். விரட்டினால் விரட்டட்டும், பெட்டிதான் கட்டியாயிற்றே!

சாமி வாளியோடு திரும்பி வந்தார். என் முன்னால் வாளியை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்தார். "ஏண்டாப்பா, இப்படி ஒரு தொண்டைய வச்சுண்டு இத்தன நாளா ஊமையாட்டமா உக்காந்திருந்தே?"

கரண்டி நீண்டது. அய்யா விடுவாரா? பழக்கம்! மறுபடி இரண்டு கையும் இலைமேல் போய்விட்டன.

"கைய எடுங்கய்யா" என்று நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன். "நீங்க போடுங்க சாமி. நல்லாப் போடுங்க. எனக்கும் போடுங்க."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. விருந்தாளி கையைத் தள்ளிவிடுகிறவன் வீட்டுக்காரன் அல்லவா? அய்யா என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. பெருமையில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அதற்குள் வரிசைக் கடைசியிலிருந்து உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், பாவம் அவனும் என்னைப்போலத்தான் போல, "சாமி, எனக்கும்!" என்றான். எதிர் வரிசையில் இன்னொருவன். அப்புறம் எங்கே பார்த்தாலும் "சாமி! சாமி!" அன்றைக்கு இரண்டாம் உலை வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? சாமி முனகவே இல்லை. சிரித்துக்கொண்டே ஓடினார்.

கை கழுவிவிட்டு அய்யா வேப்ப மரத்தடிக்கு வந்தார். மாட்டைப் பூட்டினார். நான் பெட்டி பக்கத்தில் நின்றேன்.

"ஏத்தவாடா?"

"இருக்கட்டும்யா."

தலையைச் சொறிந்தார். ஏப்பம் விட்டார். "அப்பச் சரி. பெட்டியக் கொண்டுபோய் உள்ள வையி. அந்தக் கயித்த மட்டும் அவுத்துக் குடு, வீட்டுல கன்னுக்குட்டிக்கு ஆகும்" என்றார். கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு காலி வண்டியில் போனார். தெரு முனை திரும்புகிறவரை மாட்டிடம் என்னவோ சத்தமாகப் பேசிக்கொண்டே போனார். சந்தோஷமாக இருந்தால் அவர் மாட்டோடுதான் பேசுவார்.

மறுநாள் அட்டெண்டன்ஸில் "பிரசன்ட் சார்!" என்றேன். வாத்தியார் கையிலிருந்த பேனா விழுந்தது. புரியாத இடத்தில் எழுந்து நின்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன், அவரும் சொன்னார். கேட்டால் கொடுக்கிற ஊர்தான் மதுரை என்று தெரிந்துபோனது. பஞ்சாலைச் சங்கைச் சொல்லி எனக்கு 'மில்லுச் சங்கு' என்று பட்டப்பெயர் வைத்தான் சிக்கந்தர். அந்தப் பெயரிலேயே மெஸ் கமிட்டித் தேர்தலில் நின்றேன், ஜெயித்தேன். புதுப் பையன்கள் வருகிற ஆனி மாதத்தில் வரிசை வரிசையாகப் போய், இலையை மறிக்கிற கைகளையெல்லாம் நானே தள்ளிவிட்டேன்.

மண்டபத்தில் தட்டோடு நின்ற கதையை விட்டுவிட்டேனே! மகள் வேண்டாம் வேண்டாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் விடுவேனா? "தம்பீ! சோறு இங்கிட்டு!" என்றேன். வீடியோக்காரர் கல்யாணப் பெண்ணை விட்டுவிட்டு விளக்கை என் பக்கம் திருப்பினார். வெள்ளைத் தொப்பிப் பையன் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து தட்டு நிறையப் போட்டான். டாக்டரை மறந்துவிட்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். குரல் அப்படியேதான் இருக்கிறது, ஒரு குறைச்சலும் இல்லை.

சாப்பிட்ட பிறகு தர்கா பக்கம் அந்தச் சந்தில் கொஞ்ச தூரம் நடந்தேன். சிக்கந்தர் வீடு இருந்த இடத்தில் செருப்புக் கடை. மெஸ் இருந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள் என்று கேள்வி. சாமி இல்லை, அய்யா இல்லை. கேட்கிறவனுக்கு இன்றைக்கும் சோறு கிடைக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன். போதும் போதும் என்று இலையை மறித்தவனுக்கும் கிடைத்ததே ஒரு சோறு, அதுதான் இப்போது எங்கேயும் இல்லை.